அமெரிக்கக் குடியேற்றத்தில் வாழ்க்கைத்துணையின் ஆங்கிலத் தகுதி

திறன்சார் வேலைக்காக அமெரிக்காவுக்குச் செல்பவரின் கணவனோ மனைவியோ ஆங்கிலத் தேர்வு எதையும் எழுத வேண்டியதில்லை. துணைக்கான எச்-4 விசாவுக்கும் சரி, வேலைவாய்ப்பு வழியிலான கிரீன் கார்டுக்கும் சரி, ஐஇஎல்டிஎஸ், டோஃபல் போன்ற மதிப்பெண்கள் துணையிடம் கேட்கப்படுவதில்லை. ஆஸ்திரேலியாவும் கனடாவும் குடியேற்ற விண்ணப்பத்திலேயே துணையின் ஆங்கிலத்தைக் கணக்கில் கொள்கின்றன. அமெரிக்கா அதைக் குடியுரிமை வழங்கும் கட்டத்துக்கு ஒதுக்கியுள்ளது. நியூ ஜெர்சியின் எடிசன், கலிபோர்னியா வளைகுடாப் பகுதியின் ஃப்ரீமான்ட், டெக்சாசின் இர்விங், பிளேனோ போன்ற ஊர்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இத்தேர்வு, வந்து சேர்ந்து பல ஆண்டுகள் கழித்தே வருகிறது.

வரலாறு

1906ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், குடியுரிமை கோருபவர் ஆங்கிலம் பேச வேண்டும் என்று முதன்முறையாக விதித்தது. ஆனால் அப்போது கணவன் குடியுரிமை பெற்றால் மனைவிக்கும் அது தானாகவே கிடைத்ததால், மனைவியை எவரும் சோதிக்கவில்லை. 1922இல் வந்த கேபிள் சட்டம் இந்த வழக்கத்தை நிறுத்தியது. அதன்பின் மனைவி தன் பெயரிலேயே குடியுரிமை கோர வேண்டியதாயிற்று.

1917ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டம், நாட்டுக்குள் நுழையும் 16 வயதுக்கு மேற்பட்டவர்கள் ஏதேனும் ஒரு மொழியில் 30 முதல் 40 சொற்களைப் படித்துக்காட்ட வேண்டும் என்றது. மனைவி, தாய், பாட்டி, மணமாகாத அல்லது கைம்பெண்ணான மகள், 55 வயது கடந்த தந்தை ஆகியோருக்கு இதிலிருந்து விலக்கு இருந்தது, கணவனுக்கு இல்லை. அதே சட்டம் இந்தியா உள்ளிட்ட ஆசியப் பகுதியினரின் வருகையைத் தடை செய்ததால், இச்சலுகை இந்தியருக்குப் பெரிதும் பயன்படவில்லை. 1946ஆம் ஆண்டு லூஸ்-செல்லர் சட்டம் இந்தியருக்குக் குடியுரிமை உரிமையையும் ஆண்டுக்கு 100 பேர் என்ற ஒதுக்கீட்டையும் தந்தது. ஆங்கிலம் பேசினால் மட்டும் போதாது, எழுதவும் படிக்கவும் வேண்டும் என்ற விதி 1950இல் சேர்ந்தது. திறன்சார் வேலைக்கான எச்-1பி விசா 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே உருவானது.

விசாவும் கிரீன் கார்டும்

எச்-1பி விசா பெற்றவரின் துணைக்கும் 21 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் எச்-4 விசா வழங்கப்படுகிறது. திருமணம் சட்டப்படி நடந்ததற்கான சான்று தேவை. மணமாகாமல் சேர்ந்து வாழும் இணையருக்கு இவ்விசா கிடையாது. எச்-4 விசாவில் இருப்பவர் படிக்கலாம். முதன்மை விண்ணப்பதாரரின் கிரீன் கார்டு மனு ஒப்புதல் பெறுதல் போன்ற நிபந்தனைகள் நிறைவேறினால், 2015 மே 26 முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி வேலைசெய்ய அனுமதியும் கோரலாம். அந்த அனுமதிக்கும் மொழித்தேர்வு இல்லை. ஆனால் தொழில் உரிமங்களின் கணக்கு வேறு: வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர் அமெரிக்காவில் பயிற்சி மருத்துவராகச் சேரத் தேவையான சான்றிதழுக்கு ஓஇடி எனும் ஆங்கிலத் தேர்வில் தேற வேண்டும்.

கிரீன் கார்டில் துணை, முதன்மை விண்ணப்பதாரரைச் சார்ந்தே இடம்பெறுகிறார்; அவருடைய ஆங்கிலம் மதிப்பிடப்படுவதில்லை. இதற்கு விதிவிலக்கான காலம் ஒன்று உண்டு. 2020 பிப்ரவரி 24 அன்று நடைமுறைக்கு வந்த ‘அரசுச் சுமை’ விதி, விண்ணப்பதாரர் பிற்காலத்தில் அரசு உதவியை நாடக்கூடுமா என்று மதிப்பிட, வயது, உடல்நலம், வருமானம், கல்வி ஆகியவற்றோடு ஆங்கில அறிவையும் ஒரு கூறாகச் சேர்த்தது. அதற்கான ஐ-944 படிவத்தைச் சார்ந்து வரும் துணையும் தனியே நிரப்ப வேண்டியிருந்தது. 2021 மார்ச்சில் அவ்விதியும் படிவமும் கைவிடப்பட்டன. 2025 மார்ச் 1 அன்று ஆங்கிலத்தை ஆட்சிமொழியாக அறிவித்த அதிபர் ஆணை, துணைக்கான விசாவில் மொழித்தேர்வு எதையும் சேர்க்கவில்லை.

குடியுரிமைத் தேர்வு

கிரீன் கார்டு பெற்று 5 ஆண்டு கழித்து, அமெரிக்கக் குடிமகனை மணந்து அவருடன் வாழ்பவராயின் 3 ஆண்டு கழித்து, என்-400 படிவத்தில் குடியுரிமை கோரலாம். கணவனும் மனைவியும் தனித்தனியே தேற வேண்டும். நேர்காணலில் அதிகாரி கேட்கும் கேள்விகளைப் புரிந்து பதில் சொல்வதே பேச்சுத் தேர்வு. 3 வாக்கியங்களில் ஒன்றைச் சரியாகப் படிக்க வேண்டும். சொல்லப்படும் 3 வாக்கியங்களில் ஒன்றைச் சரியாக எழுத வேண்டும். குடிமையியல் கேள்விகள் தனி: 2025 அக்டோபர் 20 முதல் விண்ணப்பிப்போருக்கு 128 கேள்விகள் கொண்ட பட்டியலிலிருந்து 20 வரை கேட்கப்படும்; 12க்குச் சரியான விடை வேண்டும். தவறிய பகுதிக்கு 60 முதல் 90 நாளுக்குள் மறுவாய்ப்பு உண்டு.

விலக்குகள்

50 வயது கடந்து 20 ஆண்டு கிரீன் கார்டுடன் நிரந்தரவாசியாக இருந்தவருக்கும், 55 வயது கடந்து 15 ஆண்டு அவ்வாறு இருந்தவருக்கும் ஆங்கிலத் தேர்விலிருந்து விலக்கு உண்டு. அவர்கள் மொழிபெயர்ப்பாளரை அழைத்துச் சென்று குடிமையியல் கேள்விகளுக்குத் தமிழிலேயே விடை சொல்லலாம். 65 வயதும் 20 ஆண்டும் நிறைந்தவருக்குக் கேள்விப் பட்டியலும் சிறியது. உடல் அல்லது மனக் குறைபாடு உள்ளோர் மருத்துவர் சான்றளித்த என்-648 படிவத்தின் மூலம் விலக்குக் கோரலாம்.

இக்கணக்கில் கிரீன் கார்டு பெற்றதற்குப் பிந்தைய ஆண்டுகளே சேரும்; எச்-4 விசாவில் கழிந்தவை சேரா. கிரீன் கார்டுக்கான நாட்டுவாரி உச்சவரம்பால் இந்தியாவில் பிறந்தோர் நெடுங்காலம் காத்திருப்பதால், இவ்விலக்கு அவர்களுக்கு எளிதில் எட்டுவதில்லை. 30 வயதில் எச்-4 விசாவில் வந்து 42 வயதில் கிரீன் கார்டு பெறும் ஒருவர், ஆங்கிலத் தேர்வு எழுதினால் 47 வயதில் குடியுரிமை கோரலாம். விலக்குடன் கோர 57 வயதாகும்.

பிற நாடுகளும் புள்ளி முறையும்

ஆஸ்திரேலியத் திறன்சார் விசாக்களில் துணைக்கு அடிப்படை ஆங்கில அறிவு வேண்டும்; ஐஇஎல்டிஎஸ் சராசரி 4.5 அதற்கு ஒரு சான்று. இல்லையேல் கூடுதல் விசாக் கட்டணம் செலுத்த வேண்டும். கனடாவின் எக்ஸ்பிரஸ் என்ட்ரி எனும் புள்ளி முறையில் துணையின் மொழித்திறனுக்கு 20 புள்ளி வரை கிடைக்கும். தேர்வு எழுதாவிட்டால் அப்புள்ளிகள் கிடைக்கா. அமெரிக்காவிலும் 2017இல் செனட்டர்கள் டாம் காட்டன், டேவிட் பெர்டியூ முன்வைத்த ரெய்ஸ் மசோதா, ஆங்கிலத்துக்கும் புள்ளி தரும் முறையைக் கொண்டுவர முயன்றது. அது சட்டமாகவில்லை.

கற்கும் வாய்ப்புகள்

கலிபோர்னியாவின் அடல்ட் ஸ்கூல்கள், நியூ ஜெர்சி, டெக்சாஸ் மாநிலங்களின் கம்யூனிட்டி காலேஜ்கள், ஊர் நூலகங்கள் ஆகியவை குடியேறியோருக்கு ஆங்கில வகுப்புகள் நடத்துகின்றன; பல இடங்களில் கட்டணம் இல்லை. தேர்வில் வரும் சொற்களின் பட்டியலையும் குடிமையியல் வினாவிடைகளையும் குடிவரவுத் துறை இலவசமாக வெளியிடுகிறது.