வீட்டுக் கடல்மீன் தொட்டி: வரலாறும் புதுக்கோட்டைக் கடற்கரையும்

கடல்மீன் தொட்டி என்பது கடல்நீரையோ, உப்புக் கலவை சேர்த்துத் தயாரித்த நீரையோ நிரப்பி, கடல்வாழ் உயிரினங்களை வளர்க்கப் பயன்படும் கண்ணாடித் தொட்டி ஆகும். நன்னீர் மீன்தொட்டி தமிழ்நாட்டு வீடுகளில் பரவலாகக் காணப்படுகிறது. கடல்மீன் தொட்டியை வைத்திருப்போர் மிகக் குறைவு. கடல்நீரைக் கெடாமல் காப்பது கடினம் என்பது இதற்கு ஒரு காரணம். தொட்டிக்கு வேண்டிய உயிரினங்களை எங்கிருந்து பெறுவது என்ற கேள்வி மற்றொரு காரணம். இந்த இரண்டு சிக்கல்களும் இக்கலை தோன்றிய நாளிலிருந்தே அதனுடன் இருந்து வருகின்றன. பாக் நீரிணைப் பகுதியில் கடற்கரை கொண்ட புதுக்கோட்டை மாவட்டத்திற்கு இரண்டாவது சிக்கல் நேரடியாகத் தொடர்புடையது.

தொடக்கம்

கடல் உயிரினங்களை வீட்டினுள் நீண்டகாலம் உயிருடன் வைத்திருந்த முன்னோடிகளுள் ஒருவர் இங்கிலாந்தைச் சேர்ந்த ஆனா தைன் என்ற பெண்மணி. இவர் 1846-இல் டார்கீ என்னும் கடலோர ஊரிலிருந்து சில பவள உயிர்களை இலண்டனுக்குக் கொண்டு வந்தார். அக்காலத்தில் காற்றுக் குழாயோ மின்விசையோ இல்லை. எனவே வீட்டுப் பணிப்பெண் நாள்தோறும் அரை மணி நேரத்திற்கும் மேலாகத் தொட்டி நீரை மொண்டு, திறந்த சன்னல் அருகே மீண்டும் மீண்டும் ஊற்றி, அதில் காற்றுக் கலக்கச் செய்தார். அப்பவள உயிர்கள் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் வாழ்ந்தன.

வேதியியலாளரான இராபர்ட் வாரிங்டன் 1850-ஆம் ஆண்டையொட்டி மீன், நத்தை, நீர்த்தாவரம் மூன்றையும் ஒரே தொட்டியில் வைத்து, ஒன்றின் கழிவு மற்றொன்றுக்கு உணவாகும் வகையில் நீரை மாற்றாமலே காக்க முடியும் என்று காட்டினார். பின்னர் இதே முறையைக் கடல்நீரிலும் சோதித்தார். 1853-இல் இலண்டன் விலங்கியல் தோட்டத்தில் பொதுமக்களுக்கான மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. 1854-இல் பிலிப் ஹென்றி காசு எழுதிய நூல் இப்பொழுதுபோக்கை வீடுதோறும் கொண்டு சென்றது. சோற்றுப்பு, மக்னீசியம் சல்பேட், மக்னீசியம் குளோரைடு, பொட்டாசியம் குளோரைடு ஆகிய நான்கையும் நன்னீரில் கரைத்துச் செயற்கைக் கடல்நீர் தயாரிக்கும் முறையையும் அவர் வெளியிட்டார்.

தந்தையின் தொட்டியும் மகனின் ஆய்வும்

வாரிங்டன் தாவரமே நீரைத் தூய்மையாக வைத்திருக்கிறது என்று கருதினார். அது பாதி உண்மையே. மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய உணவிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. அது மீனுக்கு நஞ்சு. கடல்நீர் காரத்தன்மை கொண்டது ஆதலால், அதே அளவு அம்மோனியா நன்னீரில் இருப்பதைவிடக் கடல்நீரில் கூடுதல் தீங்கு செய்கிறது. தொடக்ககாலத் தொட்டிகளில் நீர் திடீரெனக் கெட்டுப் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அன்று அதை யாரும் அறிந்திருக்கவில்லை.

இதற்கான விளக்கம் மண்ணியல் ஆய்விலிருந்து கிடைத்தது. அம்மோனியா நைட்ரேட்டாக மாறுவது உயிரிகளின் செயல் என்று 1877-இல் பிரான்சைச் சேர்ந்த இருவர் காட்டினர். இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் இதைத் தொடர்ந்து ஆராய்ந்தவர், மீன்தொட்டி அமைத்த வாரிங்டனின் மகன். அவர் பெயரும் இராபர்ட் வாரிங்டன்தான். அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுவது ஒருவகை நுண்ணுயிர், நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுவது மற்றொரு வகை என்று அவர் கண்டறிந்தார். 1890-இல் வினோகிராட்ஸ்கி என்ற உருசிய அறிஞர் இந்நுண்ணுயிர்களைத் தனியே பிரித்தெடுத்தார். தந்தையின் தொட்டியில் நிகழ்ந்த ஒன்றை மகன் வயல் மண்ணில் கண்டறிந்தார் என்று இதைக் கூறலாம். இன்றைய கடல்மீன் தொட்டி முழுவதும் இந்த இரு நுண்ணுயிர்களின் உழைப்பையே நம்பியுள்ளது.

வெறுமையான கரைகள்

1850-களில் இங்கிலாந்தில் இப்பொழுதுபோக்கு பெரும் மோகமாகப் பரவியது. கடற்கரைப் பாறைக் குட்டைகளில் இருந்த உயிரினங்களை மக்கள் கூட்டம் கூட்டமாகச் சென்று அள்ளி வந்தனர். அவற்றுள் பெரும்பாலானவை சில நாட்களில் இறந்தன. காசுவின் மகன் எட்மண்ட் காசு 1907-இல் வெளியிட்ட தன்வரலாற்று நூலில், தம் இளமையில் கண்ட செழிப்பான பாறைக் குட்டைகள் சேகரிப்போரின் கைகளால் அழிந்ததை வருத்தத்துடன் பதிவு செய்துள்ளார். கடலை நேசிக்கக் கற்றுக் கொடுத்த நூலே கரைகளை வெறுமையாக்கவும் காரணமானது.

சென்னை மீன் காட்சிச்சாலை

இந்தியாவின் முதல் மீன் காட்சிச்சாலை சென்னை மெரினா கடற்கரையில் அமைந்தது. ஆளுநர் ஆம்ப்தில் பிரபுவின் காலத்தில் திட்டமிடப்பட்டு, சென்னை அரசு அருங்காட்சியகக் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டனின் முயற்சியில் உருவான இது, 1909 அக்டோபர் 21 அன்று பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. முதலில் அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இருந்தது; 1919-இல் மீன்வளத் துறைக்கு மாற்றப்பட்டது. கடலில் இறங்காத மக்கள் உயிருள்ள கடல்மீன்களைப் பார்க்க இது வழி செய்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மூடப்பட்டது.

இக்காலத்தில் புதுக்கோட்டை தனிச் சமஸ்தானமாக இருந்தது. சென்னைக் காட்சிச்சாலை திறக்கப்பட்ட மறு ஆண்டே, 1910-இல், புதுக்கோட்டை அருங்காட்சியகம் தொடங்கப்பட்டது. திருக்கோகர்ணத்தில் உள்ள இந்த அருங்காட்சியகத்தில் விலங்கியல் பிரிவும் உண்டு. ஆனால் சமஸ்தானத்திற்குச் சொந்தமாகக் கடற்கரை இருக்கவில்லை. 1948-இல் சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தில் இணைந்து திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதியானது. 1974 சனவரி 14 அன்று திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர் மாவட்டங்களின் பகுதிகளைக் கொண்டு புதுக்கோட்டை மாவட்டம் உருவான போதுதான், புதுக்கோட்டை என்ற பெயர் கடல்வரை நீண்டது.

வீட்டுத் தொட்டிக்குள் பவளப்பாறை

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை வீட்டில் கடல்மீன் வளர்ப்போர் பெரும்பாலும் தோல்வியையே கண்டனர். 1961-இல் இந்தோனேசியாவின் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர் தம் எளிய முறையை ஓர் அமெரிக்க இதழில் வெளியிட்டார். இயற்கைக் கடல்நீர், கடலிலிருந்து எடுத்த உயிர்ப்பாறை, ஒரு காற்றுக் குழாய் ஆகியவை மட்டுமே அவர் பயன்படுத்தியவை. பாறையின் துளைகளில் வாழ்ந்த நுண்ணுயிர்களே வடிகட்டியின் வேலையைச் செய்தன. கடையில் வாங்கிக் கரைக்கும் ஆயத்த உப்புக் கலவைகளும் பரவிய பின், கடலிலிருந்து தொலைவில் உள்ள ஊர்களிலும் கடல்மீன் வளர்ப்பது இயன்றது.

ஆனால் மீன்களும் பாறைகளும் பவளப்பாறைப் பகுதிகளிலிருந்தே எடுக்கப்பட்டன. உலகளவில் ஆண்டுக்கு 2 கோடிக்கும் மேற்பட்ட கடல் அலங்கார மீன்கள் விற்கப்படுவதாக ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் 2003-இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. இங்கிலாந்தின் பாறைக் குட்டைகளில் நேர்ந்ததே வெப்பமண்டலக் கடல்களிலும் நேரத் தொடங்கியது.

புதுக்கோட்டைக் கடற்கரை

மாவட்டத்தின் கடற்கரை ஏறத்தாழ 40 கி.மீ. நீளமுடையது. கட்டுமாவடி, மணமேல்குடி, ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம், மீமிசல் ஆகியவை இங்குள்ள முக்கிய ஊர்கள். இப்பகுதிக் கடல் ஆழம் குறைந்தது. அடித்தளம் சேறும் மணலும் கலந்தது. இராமேசுவரம், மண்டபம் பக்கம் உள்ளது போன்ற பவளப்பாறைகள் இங்குச் சிறப்பாக இல்லை. இக்கடலின் செல்வம் கடற்புல் படுகைகளே. மீனவர்கள் ஆவுளியா என்று அழைக்கும் கடற்பசு இப்புல்லை மேய்கிறது. இறாலும் நண்டும் மீன்குஞ்சுகளும் இதில் வளர்கின்றன. கடற்குதிரை தன் வாலால் இப்புல்லைப் பற்றிக்கொண்டு வாழ்கிறது.

1990-களில் பாக் நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் பிடிக்கப்பட்ட கடற்குதிரைகள் உலர்த்தப்பட்டு, மருந்துப் பொருளாகக் கிழக்காசிய நாடுகளுக்கு அனுப்பப்பட்டன. உயிருடன் அலங்காரத் தொட்டிகளுக்கு விற்பது உலகச் சந்தையின் மற்றொரு பகுதி. கடற்குதிரைக்கு இரைப்பை இல்லை. ஆகவே அதற்கு நாள் முழுவதும் சிறுசிறு உயிருள்ள இரை தேவைப்படுகிறது. கடலில் பிடித்த கடற்குதிரை வீட்டுத் தொட்டியில் பட்டினியால் இறப்பதே வழக்கம். ஆண் கடற்குதிரையே முட்டைகளை வயிற்றுப் பையில் சுமந்து குஞ்சு பொரிப்பதால், சினையான ஓர் ஆணைப் பிடித்தால் ஒரு தலைமுறையே அதனுடன் போய்விடுகிறது.

2001 சூலையில் இந்திய அரசு கடற்குதிரை, கடல் அட்டை, பாறை அமைக்கும் பவளங்கள் ஆகியவற்றை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தது. இவற்றைப் பிடிப்பதும் விற்பதும் வீட்டில் வைத்திருப்பதும் அதனால் குற்றமாயின. கடற்குதிரைகளின் பன்னாட்டு வணிகத்திற்கு 2004 முதல் உலகளாவிய கட்டுப்பாடு நடைமுறைக்கு வந்தது. இத்தடையால் வருவாய் இழந்த மீனவர்கள் உண்டு. குறிப்பாகக் கடல் அட்டைத் தடையை நீக்க வேண்டும் என்ற கோரிக்கை இன்றும் எழுகிறது. வலையில் தானே வந்து சிக்குவதற்குத் தாம் என்ன செய்ய முடியும் என்ற மீனவரின் கேள்வியும் நியாயமானதே. 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடற்பகுதியில் 448 சதுர கி.மீ. பரப்பைத் தமிழ்நாடு அரசு கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. இந்தியாவில் இவ்வகையில் இதுவே முதலாவது.

பண்ணையில் பிறந்த மீன்கள்

கடலை வெறுமையாக்காமல் தொட்டியை நிரப்பும் வழி மீன் இனப்பெருக்கத்தில் உள்ளது. 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் புளோரிடாவில் மார்ட்டின் மோ என்பவர் கோமாளி மீனை வணிக அளவில் குஞ்சு பொரிக்க வைத்தார். தமிழ்நாட்டில் மண்டபத்தில் உள்ள மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவன மையமும், பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையமும் கோமாளி மீன் இனப்பெருக்கத்தில் வெற்றி கண்டுள்ளன. பண்ணையில் பிறந்த கோமாளி மீன் கண்ணாடிச் சுவருக்கும் தூள் உணவுக்கும் பழகியது. கடற்சாமந்தி இல்லாமலும் அது வாழும். முதன்முறை வளர்ப்போருக்கு ஏற்ற மீன் இதுவே.

தொட்டி அமைக்கும் முறை

சிறிய தொட்டியில் நீர் விரைவில் கெடும். தொடக்கத்திலேயே 200 லிட்டர் அளவிலான தொட்டியே நல்லது. நீருடன் இதன் எடை 200 கிலோவைத் தாண்டும் என்பதால் உறுதியான இரும்புத் தாங்கி வேண்டும். கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. எனவே 200 லிட்டருக்கு 7 கிலோ உப்புக் கலவை தேவை. சமையல் உப்பு இதற்கு உதவாது. அதில் மக்னீசியமும் கால்சியமும் இல்லை. உப்பைச் சுத்திகரித்த ஆர்.ஓ. நீரிலேயே கரைக்க வேண்டும். பித்தளை, செம்புப் பாத்திரங்களைத் தவிர்க்க வேண்டும். செம்பு மிகச் சிறிதளவு கரைந்தாலும் இறால், நத்தை போன்றவை இறக்கும்.

அருகில் கடல் இருந்தாலும், புதுக்கோட்டைக் கரையோர நீரை அப்படியே பயன்படுத்துவது சரியன்று. அது கலங்கலானது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வெள்ளாறு போன்ற ஆறுகளின் நீர் கலந்து உப்பளவு குறையும். இறால் பண்ணைக் கழிவு கலந்த இடமானால் நோய்க்கிருமிகளும் இருக்கும்.

நீரையும் செயற்கைப் பாறைகளையும் இட்டபின் மீனை உடனே விடக்கூடாது. சிறிதளவு மீன் உணவைப் போட்டு, நீரோட்டக் கருவியை இயக்கி, நான்கு முதல் ஆறு வாரங்கள் காத்திருக்க வேண்டும். வாரிங்டனின் மகன் கண்டறிந்த இரு நுண்ணுயிர்களும் பாறையில் பெருக இக்காலம் தேவை. சோதனைத் திரவங்களால் பார்த்து, அம்மோனியாவும் நைட்ரைட்டும் உயர்ந்து பின் இரண்டும் இல்லாமல் போன பிறகே முதல் மீனை விட வேண்டும். அதன்பின் மற்ற மீன்களைச் சில வார இடைவெளி விட்டு ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம். புதியவர்களின் தோல்விகள் பெரும்பாலும் இந்த ஆறு வாரப் பொறுமையின்மையாலேயே நேர்கின்றன.

பராமரிப்பு

நீர் ஆவியாகும்போது உப்பு ஆவியாவதில்லை. 200 லிட்டரில் 10 லிட்டர் வற்றினால் உப்பளவு 35-இலிருந்து ஏறத்தாழ 37 ஆக உயரும். ஆகவே வற்றிய அளவுக்கு உப்பில்லாத ஆர்.ஓ. நீரையே நாள்தோறும் ஊற்ற வேண்டும். இரு வாரங்களுக்கு ஒருமுறை பத்தில் ஒரு பங்கு நீரை அகற்றி, அதே உப்பளவுள்ள புதுநீர் சேர்க்க வேண்டும். சேர்ந்துவிடும் நைட்ரேட்டைக் குறைக்க இது எளிய வழி. உணவு இரண்டொரு நிமிடங்களில் தின்று முடிக்கும் அளவே போதும்.

வெப்பம் 24 முதல் 27 பாகை வரை இருப்பது நல்லது. புதுக்கோட்டைக் கோடையில் இது எளிதன்று. நீர்ப்பரப்பின் மேல் சிறு மின்விசிறி வைத்தால் இரண்டு மூன்று பாகை குறையும். அப்போது நீர் கூடுதலாக வற்றும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். பவள வகைகளுக்குக் குளிரூட்டும் கருவி தேவைப்படும்.

மின்தடை மற்றொரு இடர். 2018 நவம்பர் கஜா புயலின்போது மாவட்டத்தின் பல ஊர்களில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. நீரோட்டம் நின்றால் சில மணி நேரத்திலேயே உயிர்வளி குறைந்து மீன்கள் மேற்பரப்பில் திணறும். மின்கலத்தில் இயங்கும் காற்றுக் குழாயை முன்கூட்டியே வாங்கி வைப்பது அவசியம். அதுவும் இல்லாதபோது ஒரு குவளையால் நீரை மொண்டு, சற்று உயரத்திலிருந்து மீண்டும் தொட்டியிலேயே ஊற்றிக் கொண்டிருக்கலாம். 1846-இல் ஆனா தைனின் பணிப்பெண் செய்த வேலை இதுவே. இன்றும் அது மீன்களைக் காப்பாற்றும்.

மீனை வாங்கும்போது அது பண்ணையில் பிறந்ததா, கடலில் பிடித்ததா என்று கேட்டு வாங்குவது வளர்ப்போரின் கடமை. மணமேல்குடிக் கரையில் ஒதுங்கும் கடற்குதிரையையோ வலையில் வந்த கடல் அட்டையையோ தொட்டிக்குக் கொண்டு வரக்கூடாது. உயிருடன் இருந்தால் கடலிலேயே விட்டுவிட வேண்டும்.