ரவுட்டர் தட்டு

கையால் பிடித்து ஓட்டி மரத்தை வெட்டும் ரவுட்டர் இயந்திரத்தை மேசைக்கு அடியில் தலைகீழாகத் தொங்கவிட உதவும் தகடு ரவுட்டர் தட்டு எனப்படுகிறது. மேசைப் பலகையில் வெட்டிய பள்ளத்தில் இது உட்காரும். நடுத்துளை வழியே வெட்டும் பிட் மட்டும் மேலே நீட்டிக்கொண்டிருக்கும். இயந்திரம் அசையாது, மரத்தைத்தான் தள்ள வேண்டும். அலுமினியம், பினாலிக், அக்ரிலிக் ஆகியவற்றில் தட்டுகள் கிடைக்கின்றன. பருமன் பெரும்பாலும் 6 முதல் 9.5 மி.மீ. கனத்த ரவுட்டருக்கு அக்ரிலிக் ஏற்றதல்ல. நாளடைவில் நடுவில் தொய்ந்துவிடும்.

நிமிடத்துக்கு 20,000 சுற்றுக்கு மேல் ஓடும் ஒரு மோட்டாரை, மூன்று நான்கு சிறிய திருகுகளே தாங்கி நிற்கின்றன. ஆகவே தட்டு எந்த விலை என்பதைவிடத் திருகு எந்த நீளம் என்பதே முக்கியம்.

பூட்டும் முன் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. ரவுட்டரின் அடியிலுள்ள பிளாஸ்டிக் தகட்டைக் கழற்றி, அதையே அச்சாகத் தட்டின் மேல் வைத்துத் துளைகளைக் குறிக்கலாம். மேலிருந்து பார்ப்பதா, கீழிருந்தா என்பதில் கவனம் தேவை. திருப்பி வைத்துக் குறித்தால் துளைகள் பொருந்தாமல் போகலாம்.

பிளாஸ்டிக் தகட்டோடு வந்த திருகுகள் தடித்த தட்டுக்குக் குட்டை. அதே மரையில் நீளமானவை வாங்க வேண்டும். எம்5 திருகு என்றும், தட்டு 9.5 மி.மீ. என்றும் கொள்வோம். 20 மி.மீ. திருகு தட்டுக்குக் கீழே 10.5 மி.மீ. நீளும். ரவுட்டர் அடிப்பாகத்தின் துளை 10 மி.மீ. ஆழம்தான் என்றால், திருகின் நுனி அடியில் முட்டி நின்றுவிடும். கைக்கு இறுகியது போலவே இருக்கும். ஆனால் தட்டு பிடிபட்டிருக்காது. மேலும் முறுக்கினால் அலுமினிய வார்ப்பின் மரை போய்விடும். இங்கே நுனியில் 2 மி.மீ. தேய்த்தெடுத்தால் 8.5 மி.மீ. மரை பிடிக்கும். அலுமினியத்தில் திருகு விட்டத்தின் ஒன்றரை மடங்கு, அதாவது 7.5 மி.மீ. பிடித்தால் போதும். தேய்க்கும் முன் திருகில் ஒரு நட்டை ஏற்றிவிட்டுப் பிறகு கழற்றினால், நசுங்கிய மரையை அதுவே சீராக்கிவிடும்.

திருகின் தலை தட்டுக்குள் பதிய, சரிவான குழி எடுக்க வேண்டும். மெட்ரிக் திருகுக்கு 90 பாகை, அமெரிக்க அங்குலத் திருகுக்கு 82 பாகை. கோணம் மாறினால் தலை முழுமையாகப் பதியாது. விரலால் தடவும்போது தலை தட்டாமல் இருக்க வேண்டும். தட்டினால் மரம் அந்த இடத்தில் மாட்டிக்கொள்ளும்.

அதிர்வில் திருகு தளராமலிருக்க, கழற்றக்கூடிய வகை மரைப்பசையை ஒரு துளி இடலாம். அக்ரிலிக் தட்டில் இதைத் தவிர்க்க வேண்டும். பசை பட்டால் அக்ரிலிக் விரிசல் விடலாம்.

முதல் வேலை முடிந்ததும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஒவ்வொரு திருகையும் இன்னொரு முறை சோதித்துப் பாருங்கள்.