குறவஞ்சி மேடும் மார்கழி மேடையும்

சபைகளின் கதை – 14

சென்ற வாரம், திருவையாற்றில் தியாகராஜ சுவாமிகளின் ஆராதனை பெரிய கட்சி என்றும் சின்னக் கட்சி என்றும், பின்னர் பெங்களூர் நாகரத்தினம்மாளின் தலைமையில் பெண்கள் நடத்திய தனி விழா என்றும், ஒரே சமாதிக்கு முன் மூன்றாகப் பிரிந்து நின்றதையும், 1940-களின் தொடக்கத்தில் அம்மூன்றும் ஒரே பந்தலுக்குள் வந்து சேர்ந்ததையும் பார்த்தோம். காவிரிக்கரையில் அந்தப் பூசல் தணிந்த அதே காலத்தில்தான் சென்னையின் மார்கழி மேடைகளுக்கிடையே அதனினும் பெரிய போட்டியொன்று மூண்டது. அதில் எந்தச் சபை வென்றது, எந்தச் சபை தோற்றது என்று பேசியவர் பலர். பாட்டை இயற்றியவனுக்கு அதனால் என்ன கிடைத்தது என்ற ஒரு கேள்வியை மாத்திரம் கையில் எடுத்துக்கொண்டு, இவ்வாரம் குற்றாலத்திலிருந்து நம் யாத்திரையைத் தொடங்குவோம்.

நடராஜப் பெருமானுக்கு இந்நாட்டில் ஐந்து சபைகள் உண்டு. தில்லையிலே பொற்சபை, மதுரையிலே வெள்ளிசபை, திருநெல்வேலியிலே தாமிரசபை, திருவாலங்காட்டிலே இரத்தினசபை. ஐந்தாவதான சித்திரசபை குற்றாலநாதர் கோயிலுக்குச் சற்று அப்பால் தெப்பக்குளத்தோடு தனியாக அமைந்திருக்கிறது. மற்ற நான்கு சபைகளிலும் விக்கிரகமாக நின்று ஆடுகிற பெருமான் இங்கே சுவரில் எழுதிய சித்திரமாக ஆடுகிறார். சாரலில் நனைந்த மேனியோடு உள்ளே புகுந்து, கண் அந்த அரையிருட்டுக்குப் பழகும்வரை சற்றே நின்றோமானால், சுவர் முழுவதும் புராணக் கதைகள் ஒன்றன்பின் ஒன்றாக வர்ணத்தில் எழுந்து வருவதைக் காணலாம். ஐந்து சபைகளில் எது உயர்ந்தது என்று அடியார்கள் வழக்காடுவதில்லை. ஆடுகிறவன் ஒருவனே என்று அறிந்தவர்களுக்கு அந்த வழக்கு எதற்கு? ஆயினும் அந்தச் சித்திரங்களை வணங்கித் திரும்புகிற ஆயிரம் பேரில் ஒருவராவது அவற்றை எழுதிய ஓவியனின் பெயரைக் கேட்பதும் இல்லை. சபை நிலைத்திருக்க, சிருஷ்டித்தவன் மறைந்துபோகிற இந்த விந்தையை நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வரப்போகும் கதைக்கெல்லாம் இதுவே ஆதாரசுருதி.

குற்றாலத்திற்கும் தென்காசிக்கும் இடையே மேலகரம் என்னும் ஊர் இருக்கிறது. திரிகூடராசப்பக் கவிராயர் பிறந்த ஊர் அது. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் குற்றாலக் குறவஞ்சியை இயற்றியபோது, அதன் சுவையில் மகிழ்ந்த மதுரை மன்னர் முத்து விஜயரங்க சொக்கநாத நாயக்கர் அவருக்கு மானியமாக வழங்கிய நிலத்துக்குக் குறவஞ்சி மேடு என்றே பெயர் ஏற்பட்டது. வடகிழக்கே உள்ள சென்னிகுளத்தில் பிறந்து, கழுகுமலை முருகன்மேல் காவடிச்சிந்து பாடி, முப்பது வயதை எட்டுமுன்பே மறைந்துபோன அண்ணாமலை ரெட்டியாருக்கு ஊற்றுமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவர் ஆதரவாக இருந்தார். அரசனோ ஜமீன்தாரோ ஆதரித்த அந்த முறையில் குறைகள் எத்தனையோ உண்டு. எனினும் அங்கே பரிசில் கொடுப்பவர் பாட்டை இயற்றியவரை நேருக்கு நேர் அறிந்திருந்தார். ஜமீன்கள் ஒடுங்கி, நகரத்தில் சபைகள் தோன்றி, டிக்கட் வாங்கியவர்கள் ரசிகர்களான காலத்தில் இந்த நேர்முக உறவு அற்றுவிட்டது. சபை அறிந்தது பாடகரை. பாட்டு அவர் வாயிலாக வந்தது. பாட்டைக் கட்டியவரோ மேடையிலும் இல்லை, சன்மானப் பட்டியலிலும் இல்லை. ஆதலால் சபைகளுக்குள் போட்டி மூண்டபோது, அதன் நன்மையும் தீமையும் சாகித்தியகர்த்தாவைச் சென்று அடைய ஒரே ஒரு வழிதான் இருந்தது: பாடகர் எந்தப் பாட்டைத் தேர்ந்தெடுக்கிறார் என்பதே அது.

சங்கீத மகாநாடு என்பதைத் தமிழ்நாட்டில் பெரிய அளவில் நடத்திக் காட்டியவரும் இந்தத் தென்காசிச் சீமையைச் சேர்ந்தவரே. சாம்பவர்வடகரையில் 1859-ஆம் ஆண்டு பிறந்த ஆபிரகாம் பண்டிதர், வைத்தியத்தினால் ஈட்டிய பொருளைக் கொண்டு தஞ்சாவூரில் 1912-இல் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தை நிறுவி, தம் சொந்தச் செலவிலேயே வித்வான்களை வரவழைத்து, 1914-க்குள் ஆறு மகாநாடுகளை நடத்தினார். சுருதிகள் இருபத்திரண்டு என்று கொண்டவர்களோடு இருபத்துநான்கு என்று வாதாடினார். 1916-இல் பரோடாவில் கூடிய அகில இந்திய சங்கீத மகாநாட்டுக்குச் சென்று, தம் புதல்வியரை வீணை வாசிக்கச் செய்து தம் கொள்கையை நிரூபிக்க முயன்றார். 1917-இல் கருணாமிர்த சாகரம் என்னும் மகத்தான நூலை வெளியிட்டார். இரண்டே ஆண்டுகளில் காலமானார். மகாநாடு கூட்டியவரே ஆராய்ச்சியாளராகவும் கீர்த்தனங்கள் இயற்றியவராகவும் இருந்தது அவர் ஒருவரிடத்தில்தான். அவருக்குப் பின் வந்தவை ஸ்தாபனங்கள்.

1927-இல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மகாசபையை ஒட்டி ஒரு சங்கீத மகாநாடு நடந்தது. அதன் விளைவாக 1928-இல் சங்கீத வித்வத் சபை என்னும் மியூசிக் அகாடமி பிறந்தது. நான்கு ஆண்டுகளில், 1932-இல், இந்தியன் ஃபைன் ஆர்ட்ஸ் சொஸைட்டி தோன்றி, மார்கழிக் கச்சேரிகளுக்கு இரண்டாவது மேடையைப் போட்டது. மேடைகள் இரண்டானபோதும் பாட்டுக்களின் வரிசையில் மாறுதல் பெரிதாக இல்லை. தெலுங்குக் கீர்த்தனங்களும் வடமொழிக் கீர்த்தனங்களும் கச்சேரியின் நடுநாயகமாக விளங்க, தமிழ்ப் பாட்டு மங்களத்துக்குச் சற்று முன்னால் துக்கடாவாக ஒலித்து ஓய்ந்தது. ஆனந்த விகடனில் ‘கர்நாடகம்’ என்ற புனைபெயரோடு விமரிசனம் எழுதி வந்த கல்கி இந்த நிலையை இடைவிடாமல் எடுத்துக்காட்டிக் கொண்டிருந்தார்.

ராஜா ஸர் அண்ணாமலைச் செட்டியார் பொருளும் இடமும் தந்து முன்வந்ததும் அந்த முணுமுணுப்பு இயக்கமாக வடிவெடுத்தது. 1941 ஆகஸ்டு மாதத்தில் அண்ணாமலை நகரில் கூடிய தமிழிசை மகாநாடு, தமிழ்நாட்டுக் கச்சேரிகளில் தமிழ்ப் பாட்டுக்களே பெரும்பான்மையாக ஒலிக்க வேண்டும் என்று கேட்டது. அவ்வாண்டு டிசம்பரிலேயே மியூசிக் அகாடமி, சாஸ்திரீய சங்கீதத்தின் உயர்ந்த தரத்தைக் காப்பதே வித்வான்களின் கடமை என்றும், அத்தரத்தைக் குறைக்கும்படியாக மொழிப் பிரச்சினையை உள்ளே கொண்டுவரக் கூடாது என்றும் தன் அபிப்பிராயத்தைத் தீர்மானமாக வெளியிட்டது. 1943-இல் ஸர் ஆர். கே. சண்முகம் செட்டியாரைத் தலைவராகக் கொண்டு தமிழ் இசைச் சங்கம் அமைந்து, அதே மார்கழியில், அதே நகரத்தில், தன் முதல் விழாவை நடத்தியது. ரசிகர்கள் எந்தப் பக்கம் போவது என்று யோசிக்கும்படியாயிற்று. வித்வான்களோ எந்தப் பக்கம் நின்று பாடுவது என்று யோசிக்கும்படியாயிற்று.

இந்த வாதப்பிரதிவாதங்களில் குற்றாலத்தின் குரலாக ஒலித்தவர் ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார். திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் அவர் வீட்டு முற்றத்தில் கூடிய வட்டத்தொட்டி என்னும் இலக்கியக் கூட்டத்தைத் தமிழர் நன்கு அறிவர். பிற்காலத்தில் குற்றாலத்திலேயே வாசம் செய்து, 1954-இல் அங்கேயே மறைந்த அப்பெரியாரின் வீட்டுக்கு ராஜாஜியும் கல்கியும் பாஸ்கரத் தொண்டைமானும் பிறரும் வந்து தங்குவார்கள். அருவியில் நீராடி வந்தவர்களுக்கு விருந்தும், விருந்துக்குப் பிறகு கம்பனும் உண்டு. அச்சில் வரிசையாக நிற்கும் எழுத்துக்களை அவர் கவிதை என்று ஒப்புவதில்லை. வாய்விட்டுப் பாடி, தாளத்தோடும் பாவத்தோடும் செவியில் விழுந்த பிறகே அது அவருக்குக் கவி. இப்படிப்பட்ட மனத்துக்கு, சொல் விளங்காமல் ராகத்தை மாத்திரம் அநுபவிப்பது அரைவயிற்று உணவாகத் தோன்றியதில் வியப்பில்லை. அந்த வீட்டுத் தாழ்வாரத்தில் டிக்கட்டும் இல்லை, தீர்மானமும் இல்லை; கவிஞன் பெயரைச் சொல்லி, அவன் சொல்லைச் சுவைத்து, அவனை மனத்தால் கூட உட்கார்த்தி வைத்துக்கொண்ட சபை அது.

இனி நம் கேள்விக்கு வருவோம். தமிழ்ப் பாட்டு ஏன் துக்கடாவாயிற்று? துவேஷம் என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவது எளிது. மூலகாரணமோ பாடாந்தரத்தில், அதாவது குருமுகமாகப் பாட்டு வழிவழி வரும் முறையில், இருந்தது. தியாகராஜருக்கு வாலாஜாபேட்டை, உமையாள்புரம், தில்லைஸ்தானம் என்று சிஷ்ய பரம்பரைகள் கிளைத்து, சங்கதிகளோடு கீர்த்தனங்களைக் காப்பாற்றிக் கொடுத்தன. சீகாழி முத்துத் தாண்டவருக்கும் தில்லைவிடங்கன் மாரிமுத்தாப் பிள்ளைக்கும் அந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை. அருணாசலக் கவிராயரின் இராமநாடகத்துக்குச் சட்டநாதபுரத்துச் சிஷ்யர் இருவர் இசையமைத்துத் தந்தும், அந்த மெட்டுக்கள் பிற்காலத்தார் வரை முழுமையாக வந்து எட்டவில்லை. புத்தகத்தில் பல்லவியும் அநுபல்லவியும் சரணமும் இருக்கும். மேலே ராகத்தின் பெயரும் தாளத்தின் பெயரும் இருக்கும். எடுப்பு எங்கே, சங்கதி எப்படி என்று கேட்டால் சொல்ல ஆள் இராது. இரண்டரை மணி நேரம் மேடையில் உட்காருகிற வித்வான், குருமுகமாக வந்த பாட்டை விட்டுவிட்டு, ஏட்டிலே ஊமையாகக் கிடக்கும் பாட்டை நம்பி எப்படி இறங்குவார்?

இங்கேதான் போட்டி நன்மை செய்தது. தமிழ்ப் பாட்டுக்கு மேடை போட்டாகிவிட்டது. மேடைக்குப் பாட்டு வேண்டும். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் பழைய பாட்டுக்களையும் புதிய பாட்டுக்களையும் சுரதாளக் குறிப்போடு தொகுதி தொகுதியாக அச்சிட்டது. அந்தப் பக்கங்களில் ஒன்றைப் பிரித்துப் பார்த்தால், மேல்வரியில் சுரங்கள் கட்டம் கட்டமாக நிற்க, கீழ்வரியில் சாகித்தியத்தின் அட்சரங்கள் ஒவ்வொன்றும் தன் சுரத்துக்கு நேரே இடம்பெற்றிருக்கும். ஒரே எழுத்து நாலைந்து சுரங்களுக்கு நீளுகிற இடத்தில் சிறு கோடு போட்டிருக்கும். அந்தச் சிறு கோடுதான் இருநூறு ஆண்டுகளாக அறுந்து கிடந்த பரம்பரையை ஒட்டவைத்த நூல். மகாநாட்டுத் தீர்மானங்களை மறந்துவிட்டவர்களும் அந்தச் சுரக்குறிப்பைப் பார்த்துப் பாடம் பண்ணினார்கள். தமிழிசைக் கட்சியில் சேராதவரான அரியக்குடி ராமானுஜ ஐயங்காரே திருப்பாவைக்கும் இராமநாடகப் பாட்டுக்களுக்கும் மெட்டமைத்து, அவற்றைக் கச்சேரி மேடையில் நிலைபெறச் செய்தார். தமிழிசைக்கு எதிர்ப்பக்கத்தில் நின்றார் என்று பெயர் பெற்றவர், அந்த இயக்கம் விரும்பிய காரியத்தையே இத்தனை செம்மையாகச் செய்து முடித்தார் என்பதை இரு தரப்பாரும் மனமுவந்து நினைக்கவேண்டும். 1944-இல் ருக்மிணி தேவியின் கலாக்ஷேத்திரம், வீணை கிருஷ்ணமாச்சாரியாரின் இசையமைப்போடு, மேலகரத்துக் கவிராயரின் குறவஞ்சியையே தன் முதல் நாட்டிய நாடகமாக அரங்கேற்றியது.

தீமையும் உண்டு; அதை மறைப்பது சரித்திரமாகாது. கட்சி பிரிந்தவுடன் பாட்டின் குணத்தைப் பார்ப்பதற்கு முன் அதன் பாஷையைப் பார்க்கும் பழக்கம் இரு பக்கத்திலும் வளர்ந்தது. ஒரு பக்கத்தார் தமிழ்ப் பாட்டு என்றால் தரம் குறைவு என்று ஐயுற்றார்கள். மறுபக்கத்தார் தமிழில் இருந்தாலே போதும் என்று சில வேளை திருப்தியடைந்தார்கள். இந்த இரண்டு மனப்போக்குகளுக்கும் நடுவில் நின்றவர்கள் உயிரோடிருந்த சாகித்தியகர்த்தாக்கள். பாபநாசம் சிவன், தமிழிசை இயக்கம் தோன்றுவதற்கு வெகு முன்னரே தமிழில் கீர்த்தனங்கள் இயற்றி, மார்கழி விடியற்காலத்தில் மயிலாப்பூர் மாடவீதிகளில் பஜனை பாடி வந்தவர்; 1934-இலேயே தம் கீர்த்தன மாலையை வெளியிட்டவர். அவர் பாட்டுக்களை இரு மேடைகளும் ஏற்றன. சினிமா அவற்றை நாடெங்கும் கொண்டுசென்றது. அப்படியிருந்தும் மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதிப் பட்டம் அவரை வந்து அடைந்தது 1971-இல், அவருடைய எண்பத்தோராம் வயதில். நந்தனாராக நடித்துப் பாடி நாட்டை உருக்கிய தண்டபாணி தேசிகருக்கு அப்பட்டம் கடைசிவரை கிடைக்கவே இல்லை. மதுரை மணி ஐயரையும் எம். எஸ். சுப்புலட்சுமியையும் போலச் சங்கீத கலாநிதியாகவும், தமிழ் இசைச் சங்கத்தின் இசைப்பேரறிஞராகவும் இரு சபைகளாலும் போற்றப்பட்டவர்களை எண்ணிப் பார்த்தால், பாடுகிறவர் சிலரால் இரண்டு வாசலிலும் நுழைய முடிந்தது என்பதும், பாட்டைக் கட்டியவரே வாசலில் நெடுநேரம் நிற்க நேர்ந்தது என்பதும் விளங்கும்.

இது நம் நாட்டுக்கு மாத்திரம் உரிய குறையுமன்று. அமெரிக்காவில் சித்திரக்கதை எழுதுவோரும் வரைவோரும் ரசிகர்களும் ஆண்டுதோறும் கூடும் ‘காமிக் கான்’ மாநாடுகளில், சான் டியேகோ நகரத்தார் சால்ட் லேக் சிட்டி நகரத்தார்மேல் அந்தப் பெயரின் உரிமைக்காக வழக்குத் தொடர்ந்தார்கள். 2017 டிசம்பரில் ஜூரிகள் சான் டியேகோவுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்து இருபதாயிரம் டாலர் நஷ்டஈடு விதித்தார்கள். வழக்கு மாநாட்டின் பெயரைப் பற்றியது. அம்மாநாட்டில் மேஜை போட்டு உட்கார்ந்து படம் எழுதித் தருகிற சித்திரக்காரன் அதில் வாதியுமல்லன், பிரதிவாதியுமல்லன். நம் சித்திரசபையின் சுவரை எழுதியவனுக்கு அவன் உறவினன் என்றே சொல்லத் தோன்றுகிறது.

1952-இல் தமிழ் இசைச் சங்கத்துக்கு ராஜா அண்ணாமலை மன்றம் எழுந்தது. பத்தாண்டுகளில் மியூசிக் அகாடமிக்கும் சொந்த மண்டபம் எழுந்தது. இன்று மார்கழியில் இரண்டிலும் கச்சேரி நடக்கிறது; இரண்டிலும் தமிழ்ப் பாட்டு ஒலிக்கிறது. கச்சேரிக்குப் போகும் அன்பர்களிடம் வேண்டிக்கொள்வது ஒன்றுண்டு. பாட்டு முடிந்து கைதட்டும்போது, அதை இயற்றியவர் யார் என்று பக்கத்தில் இருப்பவரைக் கேளுங்கள். அவருக்கும் தெரியாவிட்டால் பாடியவரையே போய்க் கேளுங்கள். அரசன் கொடுத்தது நிலம். அந்த நிலத்துக்கு ஊரார் வழங்கிய பெயரில்தான் பாட்டு இன்றும் இருக்கிறது. மேலகரத்துக் கவிராயரின் நூலைப் படித்திராத உழவனும் குறவஞ்சி மேடு என்று சொல்லும்போதெல்லாம் அந்தக் கவிக்கு ஒரு வணக்கம் செலுத்தியவனாகிறான். நம் சபைகள் பாட்டை இயற்றியவனுக்கு அந்த அளவாவது செய்யட்டும்.

1949 முதல் ஆண்டுதோறும் ஓதுவார்களையும் வித்வான்களையும் ஒரே கூடத்தில் உட்காரவைத்துத் தேவாரப் பண்களைத் தேடிய பண் ஆராய்ச்சிக் கூட்டங்களின் கதையை அடுத்த வாரம் காண்போம்.

(தொடரும்)