பழைய காரும் பக்கத்துத் தெரு மெக்கானிக்கும்

பழைய கார் ஒன்று வாங்கி ஓட்ட வேண்டும் என்று ஆசையா? தாராளமாக வாங்குங்கள். ஆனால், அதற்கு முன்னால் அந்த கார் பிறந்த கதையையும், முக்கியமாக, அதைப் பெற்ற தொழிற்சாலை செத்த கதையையும் தெரிந்துகொள்ளுங்கள். பெயின்ட் பளபளப்பில் மயங்கி வாங்கிவிட்டு, ஆறே மாதத்தில் ஷெட்டில் துணி போர்த்தி நிறுத்தியவர்கள் ஏராளம். அவர்களைக் கவிழ்த்தது பெரும்பாலும் என்ஜின் அல்ல, சரித்திரம்!

கதை 1950களில் ஆரம்பிக்கிறது. அதுவரை ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் வெளிநாட்டிலிருந்து பாகங்களைக் கொண்டுவந்து, இங்கே பூட்டி விற்றுக்கொண்டிருந்தன. 'சும்மா பூட்டி விற்கிற வேலை வேண்டாம். பாகங்களையும் இங்கேயே தயாரிப்பதானால் இருங்கள்' என்றது அரசாங்கம். இரண்டு அமெரிக்க கம்பெனிகளும் மூட்டை கட்டின. கார் தயாரிப்பில் முக்கியமாக மிஞ்சியவர்கள் மூன்று பேர். கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாயில் பிரீமியர், நம்ம மெட்ராஸில் வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்டு.

எத்தனை கார் தயாரிக்கலாம் என்பதற்குக்கூட லைசென்ஸ் வேண்டும். புது காருக்குப் பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இதனால் ஒரு விசித்திரம் நடந்தது. சில சமயம் பழைய கார், புது காரைவிட அதிக விலைக்குப் போனது! அப்படிக் கிடைத்த காரை யார் கழிப்பார்கள்? அப்பா ஓட்டியதைப் பிள்ளை ஓட்டினார். பாகம் கிடைக்காவிட்டால் லேத்தில் கடைந்து போட்டார்கள். வாடிக்கையாளருக்கு அது கொடுமையான காலம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால், எதையும் பிரித்து மாட்டத் தெரிந்த ஒரு மெக்கானிக் பரம்பரையே அந்தக் கொடுமையில்தான் உருவானது.

இப்போது மூன்று கார்களின் ஜாதகத்தைப் பார்ப்போம்.

முதலில் அம்பாசடர். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாவது வரிசைதான் 1957-ல் இங்கே அம்பாசடர் ஆனது. கிரில் மாறியது, டாஷ்போர்டு மாறியது, 90களில் இசுசு என்ஜின்கூட வந்தது. அந்தக் குண்டு உடம்பு மட்டும் கடைசிவரை மாறவே இல்லை. 2014 மே மாதம்தான் உத்தர்பாராவில் கதவைச் சாத்தினார்கள். 57 வருஷம்! கேலி செய்தோம், சரி. ஆனால் பழைய கார் வாங்குகிறவருக்கு அந்தப் பிடிவாதம்தான் வரப்பிரசாதம். ஒரு வண்டியின் பாகம் இன்னொரு வண்டிக்கு உதவும்.

அடுத்தது ஃபியட். 1100 டிலைட் என்று 1964-ல் வந்து, 1972-ல் பிரீமியர் பிரசிடென்ட்டாகி, 1974-ல் பத்மினி என்று பெயர் சூட்டிக்கொண்ட கார். பம்பாய் டாக்ஸிக்காரர்கள் அதைத் தத்தெடுத்துக்கொண்டார்கள். அங்கே கடைசி பத்மினி டாக்ஸி ஓய்வு பெற்றது 2023 அக்டோபரில்! டாக்ஸியாக ஓடிய காருக்குப் பாகமும் கிடைக்கும், கைவைக்க ஆளும் கிடைப்பார். இதை விதியாகவே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது நம்ம ஊர்ப் பிள்ளை, ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இதன் பிறப்பில் ஒரு வேடிக்கை. இங்கிலாந்தில் ஸ்டாண்டர்டு ட்ரையம்ஃப் கம்பெனிக்கு கார் உடம்பு செய்து கொடுத்துக்கொண்டிருந்த ஃபிஷர் அண்ட் லட்லோ நிறுவனத்தை 1953-ல் போட்டி கம்பெனியான பி.எம்.சி. வாங்கிவிட்டது. அந்த பி.எம்.சி. யார்? மோரிஸின் தாய்க் கம்பெனி. அதாவது நம்ம அம்பாசடரின் சொந்தக்காரர்கள்! முழு உடம்பு செய்துதர ஆள் இல்லாததால், துண்டு துண்டாகச் செய்து, தனி சேசிஸ் மேல் போல்ட் போட்டு முடுக்கினார்கள். இத்தாலிய டிசைனர் மிச்சலாட்டி அதற்கு அழகான உருவம் கொடுத்தார். 1959-ல் ட்ரையம்ஃப் ஹெரால்டு வந்தது. 1961-ல் மெட்ராஸுக்கும் வந்துவிட்டது.

பானெட்டைத் தூக்கினால் முன்பக்க மட்கார்டுகளும் சேர்ந்து எழுந்து நிற்கும். மெக்கானிக் டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். நான்கு கதவு ஹெரால்டு இந்தியாவில் மட்டும்தான் உண்டு. அப்புறம் 1972-ல் கெஸல் வந்தது, ஐந்தே வருஷத்தில் நின்றது. 1985-ல் ரோவர் காரின் உடம்பில் 1940களின் டிசைனிலிருந்து வந்த என்ஜினை வைத்து, ஸ்டாண்டர்டு 2000 என்று இறக்கினார்கள். பெட்ரோலை அண்டா அண்டாவாகக் குடித்தது. 1988-ல் எல்லாம் முடிந்தது. மிச்சமிருந்த ரோவர் உதிரி பாகங்களை இங்கிலாந்து வியாபாரிகள் வந்து வாங்கிப் போனார்கள். இன்று ஹெரால்டுக்கு ஒரு சாமான் வேண்டுமென்றால், பல சமயம் இங்கிலாந்திலிருந்துதான் வரவழைக்க வேண்டும்!

ஆகவே என் கட்சி இதுதான். முதல் பழைய கார் என்றால் அம்பாசடரோ பத்மினியோ வாங்குங்கள். ஹெரால்டு, காதலும் பொறுமையும் சேர்ந்தே இருப்பவர்களுக்கு. ஸ்டாண்டர்டு 2000-ஐ கண்காட்சியில் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

வாங்கப் போகும்போது பெயின்ட்டைப் பார்க்காதீர்கள், குனிந்து அடியைப் பாருங்கள். என்ஜினை மறுபடி கட்டிவிடலாம், துரு தின்ற சேசிஸ் சொத்தைப் பல் மாதிரி. ஆர்.சி. புத்தகத்தில் உள்ள சேசிஸ் நம்பரும் என்ஜின் நம்பரும் வண்டியில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா? போகாவிட்டால், சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.

இன்னொன்று, பெட்ரோல். இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ல் நிறுத்தப்பட்டது. அந்த ஈயம்தான் பழைய என்ஜின்களின் வால்வு உட்காரும் இடத்தைத் தேயாமல் காத்தது. கெட்டியான வால்வு சீட் மாற்றியிருக்கிறார்களா என்று கேளுங்கள். இப்போது பங்குகளில் கிடைப்பது 20 சதவிகிதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் குழாய்களை அது அரித்துவிடும். குழாய்களை மாற்றாமல் நீண்ட தூரம் கிளம்பாதீர்கள். 50 வயது தாண்டிய வண்டியை 2021-ல் வந்த விதிப்படி 'வின்டேஜ்' என்று பதிவு செய்தால் மரியாதைதான். ஆனால் அதில் தினமும் ஆபீஸ் போக முடியாது. யோசித்துச் செய்யுங்கள்.

கடைசியாக ஒரு விஷயம். உதிரி பாகத்தை இங்கிலாந்திலிருந்து வரவழைக்கலாம், புதுப்பேட்டையில் தேடிப் பிடிக்கலாம். கார்புரேட்டர் சத்தத்தைக் காதால் கேட்டே ட்யூன் செய்கிற மனிதரை எங்கிருந்து வரவழைப்பது? அவர்களில் பலருக்கு வயதாகிவிட்டது. கற்றுக்கொள்ளப் பையன்கள் வருவதும் குறைந்துவிட்டது. வேலை இருந்தால்தான் அந்தக் கை பழகும், பழகினால்தான் அடுத்தவருக்குப் போகும். அதனால் வாங்கிய காரை ஷெட்டில் பூட்டி வைக்காதீர்கள். வாரம் ஒரு முறையாவது ஓட்டுங்கள், ரிப்பேர் ஆகட்டும், கொண்டுபோய் அவரிடம் நிறுத்துங்கள்.

இனிமேல் பழைய கார் பார்க்கப் போனால் வண்டியின் வயதை மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். அதைப் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக்கின் வயதையும் கேளுங்கள்!