புதுச்சேரிச் சோழிகள்

1769 ஜூன் 4, விடியற்காலை. புதுச்சேரியில் தொலைநோக்கியோடு காத்திருந்தார் பிரெஞ்சு வானியலாளர் லெ ஜான்தி. சூரியனின் முகத்தைச் சுக்கிரன் ஒரு கரும்புள்ளியாகக் கடக்கப்போகும் நாள் அது. எட்டாண்டு இடைவெளியில் இரண்டு முறை வரும். பிறகு நூறாண்டுக்கு மேல் வராது. 1761இல் வந்ததன்போது, பிரிட்டிஷாருடன் நடந்த போரால் கரையிறங்க முடியாமல் கப்பலில் இருந்தார். ஆடும் தளத்திலிருந்து உருப்படியாக எதையும் அளக்க முடியவில்லை. அடுத்ததைப் பார்த்துவிட்டே ஊர் திரும்புவது என்று கீழைக் கடல்களிலேயே தங்கிவிட்டார். அந்த ஜூன் காலையில் மேகம் மூடியது. கடப்பு முடிந்த பிறகு விலகியது. 1771இல் பிரான்ஸ் திரும்பியபோது, அவர் செத்துப்போனதாக முடிவுகட்டி வாரிசுகள் சொத்தில் இறங்கியிருந்தார்கள்.

இந்தக் கதை பலரும் சொன்னது. அவர் தமிழ்ப் பஞ்சாங்கக்காரர்களிடம் கிரகணக் கணக்கைக் கேட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் அதிகம் பேர் சொல்வதில்லை. 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணம் எவ்வளவு நேரம் நீடித்தது என்பதில் தமிழ்க் கணக்கு 41 விநாடி குறைவாக இருந்தது. ஐரோப்பாவின் சிறந்த அட்டவணைகளில் ஒன்றான டோபியாஸ் மேயருடையது 68 விநாடி கூடுதலாகக் காட்டியது. வாட்ஸ்அப்பில் அனுப்ப வாகான செய்திதான். ஆனால் ஒரு கிரகணத்தை வைத்து மார்தட்டுவதற்கு முன், அடுத்த சாட்சியையும் கேட்க வேண்டும்.

சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய ஜான் வாரன் 1825இல் ‘கால சங்கலித’ என்ற நூலை வெளியிட்டார். புதுச்சேரிப் பஞ்சாங்கக்காரர் ஒருவர் அவருக்காக அந்த ஆண்டு மே 31 இரவுச் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். காகிதம் இல்லை, எழுதுகோல் இல்லை. தரையில் சோழிகளை வைத்து நகர்த்தினார். தேவையான எண்களெல்லாம் மனப்பாடம். தொடக்கத்தில் 4 நிமிடம் பிசகியது, நடுவில் 23, முடிவில் 52.

எண்களை எப்படி மனப்பாடம் செய்வது? எழுத்துக்கு ஓர் எண் என்று வகுத்து, பொருள் தரும் சிறு சொற்றொடர்களாக்கிவிடுவார்கள். அந்தச் சொற்றொடர்தான் வாக்கியம்; வாக்கியப் பஞ்சாங்கத்தின் பெயர் அதிலிருந்து வந்தது. சந்திரனுக்கு 248 வாக்கியங்கள், நாளுக்கொன்று. ஏன் 248? பூமிக்கு மிக அருகில் வரும் இடத்திலிருந்து கிளம்பிய சந்திரன் மறுபடி அந்நிலைக்கு வரச் சுமார் 27.55 நாள் ஆகிறது. ஒன்பது சுற்றுக்கு ஏறக்குறைய சரியாக 248 நாள். பிறகு முதல் வாக்கியத்திலிருந்து தொடங்கலாம். இதில் சுமார் 13 நிமிடம் மிஞ்சும். அதைச் சரிக்கட்ட 3031 நாள் கொண்ட பெரிய சுற்று ஒன்று உண்டு. 110 சுற்றுக்கு அது ஒரு நிமிடம்கூடப் பிசகாது. இதே 248ஐ பாபிலோனியக் களிமண் ஏடுகளிலும் கண்ட ஓட்டோ நியூகபவர், 1952இல் ‘தமிழ் வானியல்’ என்றே ஒரு கட்டுரை எழுதினார்.

அந்தப் பஞ்சாங்கக்காரருக்குத் தன் கணக்கின் அடிப்படை தெரியாது என்பது வாரனின் கணிப்பு. இருக்கலாம். கணினித் துறையில் இருபதாண்டுகளாக நான் பிழைப்பு நடத்துவதே, எழுதியவர் யாரென்று தெரியாத நிரல்களைப் பராமரித்துத்தான். அவை ஓடும், நன்றாகவே ஓடும். திருத்தத்தான் ஆள் கிடைக்காது.

திருத்தியவர்கள் நம் பக்கத்திலேயே இருந்தார்கள். கேரளத்தின் பரமேசுவரர் ஐம்பதாண்டுக்கு மேல் கிரகணங்களைக் கண்ணால் பார்த்துப் பழைய கணக்கைச் சரிபார்த்தார். 1431இல் அவர் எழுதியது ‘திருக்கணிதம்’. திருக் என்றால் பார்வை. ‘திரு’ என்ற அடைமொழிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதே காரியத்தைச் செய்தவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. சென்னை வானாய்வகத்தின் முதல் உதவியாளர். 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தவர். பார்வைக்கு ஒத்துவரும் பஞ்சாங்கத்தை ஆண்டுதோறும் அச்சிட்டார். 1874இல், லெ ஜான்தி தவறவிட்டதற்கு அடுத்த சுக்கிரக் கடப்பு வந்தபோது, பஞ்சாங்கக்காரர்களுக்கும் புரியும்படி உரையாடல் வடிவில் ஒரு சிறுநூல் எழுதினார். அது பல இந்திய மொழிகளில் வந்தது. பழைய கணக்கைத் தூக்கியெறியச் சொன்னவரல்ல அவர். வானத்தைப் பார்த்துத் திருத்துங்கள் என்றார்.

திருத்திக்கொண்டவர்கள் சிலர்தான். லண்டனிலும் டொராண்டோவிலும் நம் வீடுகளில் ‘எந்தப் பஞ்சாங்கம்?’ என்று எழும் கேள்வி அங்கேயிருந்துதான் வருகிறது. திருக்கணிதப்படி சனி 2025 மார்ச் 29 அன்று மீன ராசிக்குப் போய்விட்டது. வாக்கியத்தைப் பின்பற்றும் திருநள்ளாறு கோயிலோ அன்று பெயர்ச்சி இல்லை என்று அறிவித்தது. அங்கே பெயர்ச்சி 2026 மார்ச் 6.