பாட்டுக் கேட்க எவ்வளவு கொம்பியூட்டர் வேணும்?

2023 செப்ரெம்பரில் ராஸ்பெரி பை 5 அறிவிக்கப்பட்டபோது, பழைய மொடல்களில் இருந்த ஒரு சின்ன ஓட்டையைக் காணவில்லை. ஹெட்ஃபோன் குத்துகிற 3.5 மில்லிமீற்றர் ஓட்டை. முந்தின பலகையைவிட இரண்டு மூன்று மடங்கு வேகம் எண்டு கம்பனி சொன்னது, அது பொய்யில்லை. ஆனா வங்கி அட்டை அளவான இந்தப் பலகையை ஸ்பீக்கரோட இணைச்சு வீட்டில பாட்டுக் கேட்கிற ஆக்கள் உலகம் முழுக்கக் கனபேர். அப்கிரேட் எண்டு வந்த சாமானில சத்தம் வெளிய வாற வழியையே அடைச்சாச்சு. கொஞ்சப் பேர் முணுமுணுத்தார்கள், அவ்வளவுதான். இசைக்காகவே பை வைத்திருந்தவர்களில் பெரும்பாலானோர் அந்த ஓட்டையை எப்பவோ கைவிட்டிருந்தினம். ஏன் கைவிட்டினம் எண்டது பத்து வருசத்துக்கு மேலான கதை.

கதை தொடங்குவது இங்கிலாந்தின் கேம்பிரிஜ் நகரில். 1981இல் அங்கிருந்த ஏகோர்ன் கம்பனி, பிபிசியின் கணினிக் கல்வித் திட்டத்துக்காக ‘பிபிசி மைக்ரோ’ என்ற வீட்டுக் கொம்பியூட்டரைச் செய்தது. அதே கம்பனியில் சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபேர்பரும் வடிவமைத்த ஏஆர்எம் சிப் 1985இல் முதன்முதலாக ஓடியது. இண்டைக்கு எங்கட ஃபோன்களுக்குள்ள இருக்கிறது அதன் பேரப்பிள்ளைகள்தான். அந்த ஊரின் பல்கலைக்கழகத்தில் கணினி படிக்க வாற பிள்ளைகள் குறைஞ்சுகொண்டு போவதைக் கண்ட எபன் அப்ரனும் நண்பர்களும், பிள்ளைகள் நோண்டிப் பழக ஒரு மலிவான கொம்பியூட்டர் வேணும் எண்டு யோசித்ததன் விளைவுதான் ராஸ்பெரி பை. 2012 பெப்ரவரி 29 அன்று 35 டொலருக்கு வந்தது. மொடல் ஏ, மொடல் பி என்ற பெயர்கள்கூட பிபிசி மைக்ரோவிலிருந்து எடுத்தவைதான்.

பாட்டு இந்தத் திட்டத்தில் எங்கும் இல்லை. 35 டொலருக்குள் அடங்க வேண்டுமென்றால் எதையாவது வெட்ட வேண்டும். வெட்டுப்பட்டதில ஒண்டு, இலக்கங்களைச் சத்தமாக மாற்றும் டக் என்கிற சிப். அதுக்குப் பதிலாக, பிரதான சிப்பின் இரண்டு கால்களை மிக வேகமாக அணைத்து ஏற்றி, அந்தத் துடிப்புகளை ஒரு சின்ன வடிகட்டியால் மழுப்பி ஹெட்ஃபோன் ஓட்டைக்கு அனுப்பினார்கள். கெட்டித்தனமான வேலை. ஆனா கிடைத்த துல்லியம் கிட்டத்தட்ட 11 பிட். சீடியில் இருப்பது 16 பிட். சும்மா 5 பிட்தானே வித்தியாசம் எண்டு நினைக்கக்கூடாது. 16 பிட்டில் சத்தத்துக்கு 65,536 படிகள். 11 பிட்டில் 2,048 படிகள். பறை அடிக்கிற பாட்டில இது பெரிசாத் தெரியாது. பாடகர் குரலைத் தாழ்த்துகிற இடத்தில, பின்னால ‘உஸ்ஸ்’ எண்டு ஒரு இரைச்சல் எழும்பி வரும்.

சரி, யூஎஸ்பியில வெளிய ஒரு டக்கைக் குத்துவோம் எண்டு கனபேர் போனார்கள். அங்க வேற பிரச்சினை. முதல் பையில் யூஎஸ்பி போர்ட்களும் நெட்வேர்க் கேபிளும் ஒரே ஒரு யூஎஸ்பி 2.0 இணைப்பில்தான் தொங்கிக்கொண்டிருந்தன. நெட்வேர்க்கால பாட்டு உள்ளே வருவதும், டக்குக்குப் பாட்டு வெளியே போவதும் அதே வழி. ஒற்றைத் தண்டவாளத்தில இரண்டு ரயில் ஓடுற மாதிரி, ஒண்டு நிண்டு மற்றதுக்கு வழிவிட வேணும். ரயில் பிந்தினால் நாங்கள் பேப்பர் வாசிச்சுக்கொண்டு இருக்கலாம். பாட்டு பிந்தினால் ‘டிக், டிக்’ எண்டு வெடிக்கும். யூஎஸ்பி டிரைவரைத் திரும்பத் திரும்பத் திருத்தித்தான் இது அடங்கியது. இணைப்பை உண்மையிலேயே பிரித்துக் கொடுத்தது 2019 ஜூனில் வந்த பை 4. ஏழு வருசம்!

ஆனா அதுக்கு முதலே வேறொரு கதவு திறந்திருந்தது. பிரதான சிப்புக்குள் ஐ2எஸ் என்றொரு வழி இருந்தது; சிப்புக்கு சிப் சத்தத்தை நேராகக் கடத்த 1986இல் பிலிப்ஸ் வகுத்த முறை. முதல் பலகையில் அந்தக் கால்களை வெளியே எடுத்து விடவில்லை. 2012 செப்ரெம்பரில் வந்த திருத்திய பலகையில், ஊசிகள்கூடப் பொருத்தாத எட்டு வெறும் துளைகளாக அது வெளியே வந்தது. ஈயம் பற்றவைக்கத் தெரிந்தவர்களுக்கு அது போதும். அதில் சின்ன டக் பலகைகளை ஒட்டத் தொடங்கினார்கள். சுவிற்சர்லாந்தின் ஹைஃபைபெரி, இங்கிலாந்தின் ஐக்யூஓடியோ போன்ற சிறு கம்பனிகள் இதைத் தொழிலாக்கின. 2014 ஜூலையில் வந்த பி+ மொடலில் 40 ஊசி வரிசையும், மேலே பொருத்தும் பலகைகளுக்கென்று ஒரு ஒழுங்கும் வந்தன. பிறகு பற்றவைக்கவே தேவையில்லை, அழுத்தினால் போதும். 2020இல் ராஸ்பெரி பை, ஐக்யூஓடியோவின் பலகைகளைத் தானே வாங்கி தன் பெயரில் விற்கத் தொடங்கியது. தாங்கள் வெட்டி எறிந்ததை மற்றவர்கள் ஒட்டி, கடைசியில் அதையே தாங்கள் விலைக்கு வாங்கி விற்றார்கள். பை 5இல் அந்த ஓட்டை போனதுக்கு ஆர் அழுகிறது?

ஐ2எஸ்ஸிலும் ஒரு குறை கிடந்தது, இது கொஞ்சம் நுணுக்கம். டிஜிட்டல் பாட்டுக்குக் கடிகாரம் முக்கியம். சீடியின் பாட்டு செக்கனுக்கு 44,100 தரம் அளக்கப்படுகிறது, வீடியோவோட வாறது 48,000 தரம். பழைய பைகளின் பளிங்கு துடிப்பது செக்கனுக்கு 19.2 மில்லியன் தரம். ஐ2எஸ்ஸுக்கு வேண்டிய கடிகாரத்தை அதிலிருந்து வகுத்து எடுக்கப் போனால், 44,100க்கும் சரி 48,000க்கும் சரி, முழு எண்ணில் வகுபடாது. எனவே ஒருக்கா 6ஆல், ஒருக்கா 7ஆல் என்று மாற்றி மாற்றி வகுத்து, சராசரியைச் சரிக்கட்டினார்கள். சராசரி சரி, துடிப்புக்குத் துடிப்பு இடைவெளி சரியில்லை. இதுக்கு மருந்தாக, விலை கூடின டக் பலகைகளில் இரண்டு குடும்பத்துக்கும் தனித்தனிப் பளிங்கு வைத்தார்கள். அங்கே தாளம் போடுவது டக். பை அதுக்குப் பின்னால போகும். இந்த வித்தியாசம் காதுக்குக் கேட்குமா எண்டு விவாதிப்பவர்கள் இன்னும் விவாதிக்கட்டும். கேட்டது எண்டு சத்தியம் பண்ண எங்களால முடியாது.

இதே 2012இல் இன்னொரு சம்பவமும் நடந்தது. நெட்வேர்க்கில் பாட்டுக் கேட்கும் ‘ஸ்குவீஸ்பொக்ஸ்’ கருவிகளை ஸ்லிம் டிவைசஸ் என்ற சிறு கம்பனி செய்துகொண்டிருந்தது. 2006இல் லொஜிடெக் அதை வாங்கி, 2012இல் அந்த வரிசையை நிறுத்திவிட்டது. வீட்டுக்கு வீடு நல்லாப் பாடிக்கொண்டிருந்த பெட்டிகள் ஒரே நாளில் அநாதை. ஆனா அவற்றின் சேவர் மென்பொருள் திறந்த மூலமாக இருந்தது. ஆர்வலர்கள் அதைக் கையில் எடுத்தார்கள். ஸ்குவீஸ்லைற் என்ற மென்பொருள் ஒரு பையையே ஸ்குவீஸ்பொக்ஸ் ஆக மாற்றியது. 2024இல் கம்பனியின் இணையச் சேவையும் மூடப்பட்டபோது, சேவர் ‘லிரியோன்’ என்று பெயர் மாற்றிக்கொண்டு தொடர்ந்து ஓடியது. ஒரு சாமான் எப்ப பழசு எண்டு தீர்மானிக்கிறது ஆர் என்ற கேள்விக்கு, இதைவிட நல்ல உதாரணம் எங்களுக்குத் தெரியாது.

இனிக் கணக்கு. சீடித் தரத்துக்கு 44,100 அளவைகள், ஒவ்வொன்றும் 16 பிட், இரண்டு பக்கம்: செக்கனுக்கு 14 லட்சத்துச் சொச்சம் பிட். சீடி விற்பனைக்கு வந்த 1982இலும் அவ்வளவுதான், இண்டைக்கும் அவ்வளவுதான். 700 மெகாஹேர்ட்ஸ் வேகமுள்ள முதல் பைக்கே அது தூசு. 2015இல் நாலு கோர், 2016இல் வைஃபை, 2019இல் பிரிந்த நெட்வேர்க். இதில பாட்டுக்காரருக்கு உண்மையாகப் பயன்பட்டது கடைசி இரண்டும்தான். அறையின் எதிரொலியைக் கணக்கிட்டுத் திருத்துபவர்களுக்கும், லட்சக்கணக்கில் பாட்டுச் சேர்த்து வைத்திருப்பவர்களுக்கும் வேகமான பலகை தேவைப்படும். மற்றவர்களுக்குத் தேவைப்படாது.

நாங்கள் இதை எழுதக் காரணம் இருக்கு. முதல் பை வந்தபோது 35 டொலர் எங்கட காசில நாலாயிரம் ரூபாய் சொச்சம். 2022இல் டொலர் 360 ரூபாயைத் தொட்டபோது அதே 35 டொலர் 12,600 ரூபாய். கப்பல் கூலியும் வரியும் வேற. அந்த நேரம் உலகம் முழுக்கவே பைக்குத் தட்டுப்பாடு. 2022 மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கறண்ட் இல்லை. பற்றரிக்குத் தடை இருந்த தொண்ணூறுகளில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்ட யாழ்ப்பாணத்து ஆக்களுக்கு, பாட்டுக்கு முதல் மின்சாரம் வேணும் எண்டதை ஆரும் சொல்லிக் குடுக்கத் தேவையில்லை. பைக்கும் அதுதான் நோய். எஸ்டி காட்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது கறண்ட் போனால் காட் பழுதாகும், அடுத்த நாள் எழும்பாது.

எங்கட அறையில பாடுகிறது ஒரு பை 3. பை 5 வாங்குவமா எண்டு இரண்டு கூட்டத்தில பேசினோம். வாங்கவில்லை. அந்தக் காசில பாதிக்கும் குறைவாக, ஒரு டக் பலகையும் நல்ல பவர் சப்ளை ஒண்டும் எடுத்தோம். மென்பொருளை பைகோர்பிளேயருக்கு மாற்றினோம். அது எழும்பும்போதே முழுக்க நினைவகத்தில் ஏறிவிடும், ஓடும்போது எஸ்டி காட்டில் எழுதிக்கொண்டிருக்காது. இப்ப கறண்ட் போனால் பாட்டு நிற்கும். வந்தால், அரை நிமிசத்தில திரும்பப் பாடும்.