கேலிச்சித்திரமும் காட்டு நிலமும்

வேற்று மாநிலங்களில் வாழும் தமிழ் மக்களுக்குத் தம்பானூர் புதிய பெயரன்று. 1931-ஆம் ஆண்டில் திருவனந்தபுரத்தின் இருப்புப்பாதை தம்பானூர்வரை நீண்டது. செங்கோட்டை வழியாகப் பிழைப்பை நாடிச் சென்ற நம்மவர் பலர் அங்கேதான் வண்டியை விட்டு இறங்கினர்.

அந்நகருக்கு வேறொரு பெருமையும் உண்டு. பாரதத்தின் தலைசிறந்த கேலிச்சித்திரக்காரர்களான காயங்குளம் சங்கரும் மாவேலிக்கரை அபு ஆபிரகாமும் இளமையில் அங்கே கல்லூரியில் பயின்றவர்கள். பின்னர் இருவரும் நம்மைப் போன்றே ஊர்விட்டுச் சென்று, ஒருவர் டில்லியிலும் மற்றவர் லண்டனிலும் பெயர் பெற்றனர்.

ஆட்சியாளரைக் கேலிச்சித்திரமாக்குவது எளிது. அவருக்கு மூக்கும் மீசையும் உண்டு. ஆனால் ஒரு கம்பெனிக்கு முகம் ஏது? அது பத்திரத்தில் பிறந்து பங்குகளில் வாழ்வது. காட்டையும் நிலத்தையும் அது கைக்கொள்ளும்போது, சித்திரக்காரன் அதனை எவ்வாறு மக்கள் கண்முன் நிறுத்துவான்?

1882-இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் கெல்லர் என்பவர் ஒரு வழி கண்டார். நிலமனைத்தையும் வளைத்துக்கொண்ட ரயில் கம்பெனியை எண்கால் கொண்ட கடற்பிராணியாக வரைந்தார். அதன் பிடியில் உழவரும் வணிகரும் சிக்கித் தவித்தனர். 1906-இல் லண்டன் ‘பஞ்ச்’ பத்திரிகையில் சாம்போர்ன் வரைந்த படத்தில், காங்கோ நாட்டு மனிதன் ஒருவனை ரப்பர்க் கொடியே பாம்பாகிச் சுற்றி நெரிக்கிறது. அப்பாம்பின் தலை பெல்ஜிய மன்னர் லியோபோல்டின் தலை. காட்டு ரப்பருக்காக அங்கே நிகழ்ந்த கொடுமையை, எழுத்தறியாதவரும் அப்படத்தால் உணர முடிந்தது.

அதே 1906-இல்தான் சென்னையில் ‘இந்தியா’ வாரப் பத்திரிகை தோன்றியது. அதன் வாயிலாகப் பாரதியார் அரசியற் கேலிச்சித்திரத்தைத் தமிழில் நிலைநாட்டி, அந்நிய ஆட்சியின் சுரண்டலை மக்களுக்குக் காட்டினார்.

காங்கோவின் கதை எங்கோ நடந்தது என்று நாம் ஒதுக்கிவிடலாகாது. 1877-இல் பூஞ்சாற்று அரசர், கண்ணன் தேவன் மலைகளில் ஏறத்தாழ 1,37,000 ஏக்கரை ஜான் டேனியல் மன்றோவுக்கு எழுதிக் கொடுத்தார். முன்பணம் 5,000 ரூபாய். ஆண்டுக்குத் தீர்வை 3,000 ரூபாய். 1897-இல் அந்நிலத்தைக் கொண்டு ஒரு கம்பெனி அமைந்தது. முதுவர்கள் வாழ்ந்த காடு தேயிலைத் தோட்டமாயிற்று. அதனை உருவாக்கிய கரங்களிற் பெரும்பாலானவை தமிழர் கரங்கள். 1902-இல் தட்டேக்காட்டில் ரப்பரும் வேரூன்றியது.

1971-இல் கேரள சட்டசபை அம்மலைநிலங்களை மீட்கச் சட்டம் இயற்றியது; மறு ஆண்டு உச்சநீதிமன்றமும் அச்சட்டம் செல்லும் என்றது. ஆயினும் தேயிலை பயிரிடப்பட்ட நிலம் கம்பெனியிடமே நின்றது.

கேலிச்சித்திரத்துக்கு ஒரு குறையும் உண்டு. அதில் சுரண்டுவோன் பேருருவம் பெறுகிறான். சுரண்டப்படுவோன் பெயரற்ற சிற்றுருவாய்த் துன்புறுகிறான். ஆனால் 2015-இல் மூணாற்றில் வீதிக்கு வந்து, கூலி உயர்வும் போனசும் கேட்டுப் போராடிய தமிழ்ப் பெண் தொழிலாளர்கள், தாம் வெறும் சிற்றுருவங்கள் அல்லர் என்று காட்டினர். ஆகவே, கம்பெனியைப் பூதமாகத் தீட்டிய படமொன்றைப் பத்திரிகையில் காணும்போது நாம் நகைத்து அமைந்துவிட வேண்டா. அதன் ஓரத்தில் கூடை சுமந்து நிற்பவர் யார், எவ்வூரார் என்றும் கேட்போமாக. அவர் நம் உறவினராகவும் இருக்கலாம்.